இரண்டு கிலோ முந்நூறு கிராம் பட்டை

சின்னப்பொண்ணுக்கு வயது நாற்பத்தேழு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தாமிரக் கம்பி செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தற்காலிகத் தொழிலாளி. தற்காலிகம் என்ற சொல்லுக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் உண்டென்பது அந்தக் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பதினோரு மாதம் முடிந்ததும் காண்டிராக்டர் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார். சேர்ந்த அன்று புதியவர்களுக்கான வகுப்பில் அவளும் கையைக் கட்டி உட்கார்ந்து, கழிவறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கழிவறையை அத்தனை வருஷமும் கழுவியது அவள்தான்.

அந்த இடத்தோடு அவள் குடும்பத்துக்குப் பழைய உறவு வேறு உண்டு. கம்பெனி வருவதற்கு முன்னால் அங்கே நெல் வயல் இருந்தது. அவளுடைய மாமனாரும் மாமியாரும் அதில் கூலிக்கு நாற்று நட்டார்கள். நிலத்துக்காரருக்கு நஷ்டஈடு வந்தது. நட்டவர்களுக்கு வேலை வரும் என்றார்கள். அதுவும் வந்தது, துடைப்பமாக. சேற்றில் குனிந்த குடும்பம் இப்போது டைல்ஸில் குனிகிறது. இதைத்தான் வளர்ச்சி என்று கம்பெனி வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த எழுத்தைத் துடைப்பதும் அவள் வேலைதான்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தரையில் கிடக்கும் எதையும் குப்பை என்று உடனே முடிவு கட்ட அவளால் முடியாது. பேக்கிங் செக்‌ஷனில் பெட்டியைக் கட்டுகிற நீல, மஞ்சள் பிளாஸ்டிக் பட்டைகள் அறுத்துப் போட்டபடி கிடக்கும். கம்பி சுற்றி வரும் பாபின்களில் விளிம்பு உடைந்தவை ஒரு மூலையில் குவியும். குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள், அட்டைக் குழாய், தெர்மாகோல் எல்லாம் லாரி கணக்கில் சேரும். பெருக்கி அள்ளும்போது ஒவ்வொன்றையும் அவள் ஒரு விநாடி கையில் பிடித்துப் பார்ப்பாள். கூட வேலை செய்யும் பெண்கள், அக்கா குப்பைக்கு ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று சிரிப்பார்கள்.

இதற்குக் காரணம் கல்யாணமான வருஷத்து கிறிஸ்துமஸ். கணவன் தானியேல் பஜாரிலிருந்து சிவப்புக் காகித நட்சத்திரம் ஒன்றைப் பெருமையோடு வாங்கிவந்து வாசலில் கட்டினான். டிசம்பரில் கும்மிடிப்பூண்டிக்குப் புயல் வராமல் போனால்தான் செய்தி. மறுநாள் காலை வாசலில் நாலு ஈர்க்குச்சியும், சுவர் முழுக்க ஒழுகிய சிவப்புச் சாயமும் மிச்சம் இருந்தன. வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டு வாங்கியது என்று தானியேல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். சின்னப்பொண்ணுக்கு ஒயர் கூடை பின்னத் தெரியும். பழைய கூடை ஒன்றைப் பிரித்து, கூடைக்குப் போடுகிற சிவன் கண் முடிச்சை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். நாலு பட்டையை இரண்டாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைப் பூட்டி, கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்த்து, நுனிகளை மடக்கி உள்ளே செருகியதும் பதினாறு முனையோடு ஒரு நட்சத்திரம் எழுந்து நின்றது. சிவன் கண்ணில் ஆரம்பித்து ஏசு பிறப்பில் முடிந்த அந்த வேலைக்கு இரண்டு தரப்பிலிருந்தும் இன்றுவரை ஆட்சேபணை வரவில்லை. மழைக்கும் அது அசையவில்லை.

அதிலிருந்து மாதா கோயிலில் கிறிஸ்துமஸுக்கு வைக்கிற குடில் அவள் பொறுப்பாயிற்று. பங்குச் சாமியார், எளிமையாகப் பிறந்த இயேசுவுக்கு எளிமையான குடிலே அழகு என்று பிரசங்கத்தில் சொல்வார். எளிமை என்றால் கோயில் கணக்கில் பணம் இல்லை என்று அர்த்தம். அவள் சிமெண்டுச் சாக்கைப் பச்சைச் சாயத்தில் முக்கி மலை செய்தாள். மாத்திரை அட்டையின் வெள்ளித்தகட்டை உரித்து மூன்று ராஜாக்களுக்குக் கிரீடம் வைத்தாள். மிக்சர் பாக்கெட்டின் உள்பக்கத்தை நீளமாக ஒட்டி ஆறு ஓடவிட்டாள். பெவிகாலும் ஜிகினாவும் மட்டும்தான் கடையில் வாங்குவது. வருஷா வருஷம் டிசம்பர் தொடங்கினால் தானியேல் வீட்டுக்குள் கால் வைக்க இடம் தேடுவான்.

"இன்னாமே, இது ஊடா, கம்பெனி குடோனா?" என்பான்.

குடோனாக இருந்தால் தனக்குச் சம்பளமாவது வருமே என்பது அவள் பதில்.

இந்த நிலையில் போன வருஷம் நவம்பர் கடைசியில், கம்பெனிக்கும் குப்பை மேல் பாசம் பிறந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. டிசம்பர் நடுவில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சுற்றுச்சூழல் என்றால் உயிர். ஆகவே 'கழிவிலிருந்து கலை' என்ற கிறிஸ்துமஸ் அலங்காரப் போட்டி. மனிதவள அதிகாரி வீரராகவன் கேண்டீன் பக்கத்துப் பலகையில் தமிழிலும் இங்கிலீஷிலும் அறிவிப்பு ஒட்டினார். மதிப்பில்லாத கழிவுப் பொருட்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு பிரிவும் ஒரு சுவரை அலங்கரிக்க வேண்டும். நிரந்தரப் பணியாளர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். கீழே அவருடைய கையெழுத்து, முத்திரையோடு. சின்னப்பொண்ணு தினம் இரண்டு வேளை அந்தப் பலகைக்கு அடியில் பெருக்கியதால் அறிவிப்பு அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

நிரந்தரப் பணியாளர்கள் கலையில் இறங்கினார்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவு, பார்ப்பதற்குக் கழிவில் செய்தது போலவே இருக்கும் மாலைகளை ஆன்லைனில் ஆர்டர் போட்டு வரவழைத்தது. கூரியரில் அவை வந்து இறங்கிய அட்டைப்பெட்டி, தெர்மாகோல், பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்ட சின்னப்பொண்ணுக்கு இரண்டு நடை ஆயிற்று. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, நல்ல தண்ணீர் பாட்டில்கள் நாற்பதை வாங்கி, தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலியானவற்றைக் கழிவு என்று அறிவித்தது.

ஸ்டோர்ஸ் பிரிவின் பொறுப்பாளர் சுப்பராயனுக்கு இப்படி எதுவும் தோன்றவில்லை. ஐம்பது வயது, நல்ல மனிதர், யாரையும் அதட்டமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தைத் தன் பெயரில் ஏற்றுக்கொள்ளச் சொன்னால் மட்டும் காது மந்தமாகிவிடும். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், சின்னப்பொண்ணு தன் துடைப்பக் கட்டையில் தொங்கவிட்டிருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பார்த்தார். எங்கே வாங்கியது என்று கேட்டார். அவள் கீழே கிடந்த நாலு பட்டையை எடுத்து, அவர் தயிர்சாதத்தை முடிப்பதற்குள் இன்னொன்று செய்து மேஜை மேல் வைத்தாள்.

"நம்ம செவுத்துக்குக் கொஞ்சம் செஞ்சு குடும்மா. உனக்கு இன்னா வேணும், சொல்லு" என்றார்.

"ஒண்ணும் வேணாம் சார். மீதியாவுற பட்டைய கோயில் குடிலுக்கு எடுத்துக்கினு போறேன். அது போதும்."

"அட, குப்பைதானே. எடுத்துக்கோ."

வாய்வார்த்தைதான். அவளும் வேறெதுவும் கேட்கவில்லை.

பத்து நாள் மதியம் அவள் சாப்பிட்டது நின்றபடிதான். உடைந்த பாபின்களைப் பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கி, பச்சைப் பட்டையைச் சுற்றி, ஐந்தடியில் ஒரு மரம் நிறுத்தினாள். குமிழ்த்தாளை மடிப்பு மடிப்பாகக் கட்டித் தேவதூதருக்கு அங்கி தைத்தாள். டீ குடித்த காகிதக் கப்பைக் கவிழ்த்து வெள்ளித்தகடு ஒட்டினால் மணி. பட்டை நட்சத்திரம் மட்டும் நூற்றுநாற்பது. அணியில் பெயர் கொடுத்திருந்த நாலு பேரும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் ஏணியைப் பிடித்தார், மூன்று பேர் செல்ஃபி எடுத்தார்கள். சுப்பராயன் தள்ளி நின்று, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று வழிகாட்டினார். சுவர் முடிந்த அன்று சின்னப்பொண்ணு பின்னால் நகர்ந்து பார்த்தாள். தான் செய்த எதையும் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு வெளிச்சத்தில் அவள் அதுவரை பார்த்ததில்லை. நெஞ்சுக்குள் லேசாக ஒரு பூரிப்பு. உடனே பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை ஷிப்டு முடிந்து, மீந்த பட்டையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

கேட்டில் காவலாளி முனுசாமி பையைத் திறந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கத்து மனிதர்; சின்னப்பொண்ணோடு ஒரே பஸ்ஸில் வருகிறவர்தான். ஆனால் சீருடை போட்டால் அவருக்கு ஆளைத் தெரியாது. அந்த வாரம்தான், எந்தப் பொருளும் சீட்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று புது உத்தரவு வந்திருந்தது. சீட்டு எங்கே என்றார். சுப்பராயன் சார் சொன்னார் என்றாள். முனுசாமி இன்டர்காமில் கூப்பிட்டார். அந்தப் பக்கம் என்ன பேச்சு நடந்ததோ, போனை வைத்துவிட்டு முனுசாமி தலையைச் சொறிந்தார்.

"யக்கா, அவரு தனக்கு ஒண்ணும் தெரியாதுன்றாரு."

பின்னால் இருபது முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒருவன் முணுமுணுத்தான். முனுசாமி பையைத் தராசில் வைத்தார். இரண்டு கிலோ முந்நூறு கிராம். பதிவேட்டில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். பதினோரு வருஷமாக அந்த வாசலில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போனவள், அன்றுதான் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. நாளை இதே பஸ்ஸில் எல்லோரும் தன்னை என்ன பெயர் சொல்லிப் பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் கடிதம் கொடுத்தார்கள். 'நிறுவனத்தின் மதிப்புமிக்க சொத்தான பாலிபுரொப்பிலீன் பட்டை, இரண்டு கிலோ முந்நூறு கிராம், அனுமதியின்றி அகற்ற முயன்றது குறித்து ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று அதில் கேட்டிருந்தது. விசாரணை முடிகிறவரை உள்ளே வர வேண்டாம். கீழே வீரராகவன் கையெழுத்து, முத்திரையோடு.

தானியேல் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். எப்போதும் கிண்டல் பண்ணுகிறவன் அன்று பண்ணவில்லை. "போவட்டும் வுடு. உனக்கு இந்த வேலையே பேஜாருதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

வேலைக்குப் போகாத அந்த வாரத்தின் நடுவில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து போனார்கள். ஸ்டோர்ஸ் பிரிவின் சுவருக்கு முன்னால் அவர்கள் அதிக நேரம் நின்றார்களாம். முதல் பரிசு ஸ்டோர்ஸ் பிரிவுக்கு. ஆளுக்கொரு சான்றிதழ், ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி அனுப்பிய போட்டோவில், பாபின் மரத்துக்குப் பக்கத்தில் சுப்பராயன் கோட்டு போட்டு நின்றார். அவருடைய கோட்டுக்குப் பின்னால் தேவதூதரின் இறக்கை சரியாகப் பொருந்தியிருந்ததால், அவருக்கே இறக்கை முளைத்தது போல இருந்தது. சின்னப்பொண்ணு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு நட்சத்திரம் சாய்ந்திருந்தது. அதை நேராக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கோபம் அதற்குப் பிறகு வந்தது.

விசாரணை அந்த வெள்ளிக்கிழமை. குளிர்சாதன அறை. வீரராகவன் நடுவில், காண்டிராக்டரின் மேற்பார்வையாளர் ஒரு பக்கம், சாட்சியாகச் சுப்பராயன் இன்னொரு பக்கம். அவளுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த அறை நாற்காலியில் அவள் உட்காருவது அதுவே முதல் தடவை. துடைத்த தடவைக்கு மட்டும் கணக்கில்லை.

வீரராகவன் மென்மையாகவே பேசினார். இந்தக் கம்பெனி ஒரு குடும்பம் என்றார். குடும்பத்தில் கேட்காமல் எடுப்பது தப்பில்லையா என்றார். பட்டையை எடுத்தது உண்மையா, இல்லையா என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றார்.

"எடுத்தேன் சார். ஒளிச்சு எடுத்துக்கினு போவல, கேட்டு வழியாத்தான் போனேன்" என்றாள். பிறகு கையிலிருந்த கடிதத்தை மேஜை மேல் வைத்தாள். "எனக்கு ஒரு சந்தேகம் சார். கேண்டீன்கிட்ட நீங்க ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கிறீங்க. மதிப்பில்லாத கழிவ வச்சுதான் செய்யணும்னு அதுல இருக்குது. கீய உங்க கையெழுத்து. இந்தக் கடுதாசில அதே பட்டைய மதிப்பான சொத்துன்னு போட்டுக்கிது. இதுலயும் உங்க கையெழுத்துதான். ரெண்டுல எது நெசம்னு சொன்னீங்கன்னா, அதுக்குத் தக்கன நான் பதில் எழுதிக் குடுத்துடறேன்."

வீரராகவன் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"சொத்துன்னா, ஸ்டோர்ஸ் செவுத்துல பத்து கிலோ தொங்கிக்கினு கீது. அதுக்கு இன்னும் யாருக்கும் கடுதாசி குடுக்கல போல" என்று முடித்தாள். குரலை உயர்த்தவில்லை.

மேற்பார்வையாளருக்குத் திடீரென்று இருமல் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். சுப்பராயன் ஏசியின் டிகிரியைப் படித்துக்கொண்டிருந்தார். வீரராகவன் சாட்சியைப் பார்த்து, பட்டையை எடுக்க அனுமதி கொடுத்தீர்களா என்று கேட்டார். சுப்பராயன் சொன்ன பதில் கம்பெனி வரலாற்றில் இடம்பெற வேண்டியது: எடுக்கச் சொன்னதாக ஞாபகம் இல்லை, எடுக்க வேண்டாம் என்று சொன்னதாகவும் ஞாபகம் இல்லை.

வீரராகவன் முட்டாள் இல்லை. அந்தச் சுவரின் படம் ஏற்கெனவே தலைமை அலுவலகத்துக்குப் போய், 'நூறு சதவீதம் மதிப்பற்ற கழிவு' என்ற தலைப்போடு கம்பெனியின் இணையதளத்தில் வெளியாகியிருந்தது. பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. மனிதாபிமான அடிப்படையில், கடுமையான எச்சரிக்கையுடன், அவள் மீண்டும் வேலைக்கு அனுமதிக்கப்படுகிறாள். யார் யாரை மன்னித்தது என்று அதில் தெளிவாக இல்லை. சின்னப்பொண்ணு கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, என் பை எங்கே சார் என்று கேட்டாள்.

பை காவல் அறையில் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் அது காவலாளிகளின் உயிரை வாங்கியிருந்தது. ஷிப்டு மாறும்போதெல்லாம் பையை எடைபோட்டு, 'பை ஒன்று, பட்டை 2.300 கிலோ, சரியாக உள்ளது' என்று எழுதி ஒப்படைக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒருநாள் இருபது கிராம் குறைந்து பெரிய கலவரமாகி, முனுசாமி தன் டிபன் கேரியரைக் கட்ட ஒரு பட்டையை எடுத்திருந்தது தெரியவந்தது. அவர் அதை அவிழ்த்துப் பைக்குள் போட்ட பிறகுதான் பதிவேடு அமைதியடைந்தது. வெளியே கொண்டுபோக மூன்று கையெழுத்துள்ள சீட்டு வேண்டியிருந்தது. மூன்றாவது கையெழுத்து ஸ்டோர்ஸ் பொறுப்பாளருடையது. சுப்பராயன் போட்டுக் கொடுத்தார். சீட்டில் 'திரும்பி வராத பொருள்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கும்போது மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்து, மறுபடி குனிந்துகொண்டார்.

"யக்கா, மொதல்ல இத எடுத்துக்கினு போ" என்று முனுசாமி பையைத் தலையில் தூக்கி வைக்காத குறையாக அனுப்பி வைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள்தான் இருந்தது. சாமியாரின் எளிமை அந்த வருஷம் உச்சத்தில் இருந்தது. குடிலுக்கு மாட்டுக்கொட்டகை போட நாலு மூங்கில் மட்டும் கொடுத்தார். தானியேல் லீவு போட்டுவிட்டு வந்து பட்டையை அளந்து வெட்டிக் கொடுத்தான். கூட வேலை செய்யும் பெண்கள் பால் கவர், தேங்காய் நார், பழைய சி.டி. என்று வீட்டிலிருந்து அள்ளி வந்தார்கள். கொட்டகைக் கூரை முழுவதும் நீலமும் மஞ்சளுமாக நட்சத்திரம் நெருக்கியடித்தது. ராஜாக்களுக்கு அந்த வருஷம் குமிழ்த்தாளில் மேலங்கி கிடைத்தது.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், குடில் பார்க்க ஊரே வந்தது. எந்தச் சாமி கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் குடில் பார்க்க வந்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கூட்டத்தில் சுப்பராயனும் இருந்தார், மனைவி ஜோதிலட்சுமியோடு. சின்னப்பொண்ணு அங்கே நிற்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். திரும்பிப் போகவும் இடமில்லை, பின்னால் கூட்டம்.

ஜோதிலட்சுமி கூரையைப் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோனாள். "எங்க ஊட்டுக்காரரும் இதே மாதிரி செய்வாரும்மா. கம்பெனியில மொதல் பிரைஸ் வாங்கிக்கிறாரு. சர்ட்டிபிகேட்டு ஹால்ல மாட்டிக்கிறோம்" என்றாள்.

சின்னப்பொண்ணு சுப்பராயனைப் பார்த்தாள். அவர் குழந்தை இயேசுவை மிகுந்த பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். அந்தச் சர்ட்டிபிகேட் இன்று சாயங்காலமே சுவரிலிருந்து இறங்கிவிடும். வாய்வரை வந்தது. ஜோதிலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதற்காகச் சும்மா விடவும் மனம் வரவில்லை.

"அப்டியாம்மா. நல்லதாப் போச்சு. கொட்டாயில ஒரு நட்சத்திரம் கொறையுது. சாரே ஒண்ணு செஞ்சு குடுக்கட்டும்" என்று நாலு பட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

சுப்பராயன் பட்டையைப் பார்த்தார். மனைவி ஆசையோடு பார்த்தாள். அக்கம்பக்கத்தில் நின்றவர்களும் திரும்பினார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சின்னப்பொண்ணும் எதிரில் உட்கார்ந்து, சார் மறந்திருப்பார் என்று சொல்லி, ஒவ்வொரு மடிப்பாகக் காட்டினாள். பட்டை இரண்டு தடவை துள்ளி அவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. மூன்றாவது தடவை பூட்டு விழுந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. சட்டை முதுகு நனைந்துவிட்டது.

குனிந்தபடியே, ஜோதிலட்சுமிக்குக் கேட்காத குரலில், "தப்புதாம்மா" என்றார்.

"நுனிய உள்ள செருவுங்க சார், பிச்சுக்கும்" என்றாள் அவள்.

முடிந்தபோது அதற்குப் பதினைந்து முனைதான் இருந்தது. ஒன்று எங்கே போயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை. சின்னப்பொண்ணு அதை வாங்கி, கொட்டகையின் பின்பக்கம், கழுதை நிற்கிற மூலையில் கட்டினாள். அங்கே அது அவ்வளவாகக் கண்ணில் படாது. ஜோதிலட்சுமி போட்டோ எடுக்கப் போனை நீட்டி, இன்னும் கொஞ்சம் கழுதைப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னாள். சுப்பராயன் தள்ளி நின்றார்.